கழனித் தகரத்தில் வெள்ளைத் தண்ணீர்

ஒரு வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் வாசல் பக்கம் போகாதீர்கள். வாசலில் கோலம் இருக்கும், சிரிப்பு இருக்கும், "வாங்க, உக்காருங்க" இருக்கும். பின்பக்கம் போய், அவர்கள் எதைக் கொட்டுகிறார்கள் என்று பாருங்கள். இதை எனக்கு எந்தப் பெரிய மனிதரும் சொல்லித் தரவில்லை. ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதனால்தான் இன்றைக்கும் மகன் வீட்டில் குப்பைத் தொட்டியை மூடி, மூடியின்மேல் ஒரு கல்லை வைப்பது என் வேலை. மருமகள் சிரிக்கிறாள். "குப்பையக்கூட பூட்டி வைக்கணுமா?" என்கிறாள். வைக்கணும். எதிர்வீட்டுக்காரி நடக்கப் போகிற சாக்கில் நம் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டு போகிறாள்.

உங்களுக்குச் சொன்னால் விளங்கும். நீங்களும் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசனையை வைத்தே அந்த வீட்டில் இன்றைக்குச் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுகிற ஆட்கள்தானே. ஒரே கூரை, நடுவில் பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்தில் இருந்து "நூறு ஆயுசு" என்று குரல் வரும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பொய்யை இரண்டு மாதம் காப்பாற்றினாள் என் அம்மா. அதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கம். எங்கள் தோட்டம் ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்பு மலைகளின் அடியில் இருந்தது. லயத்தின் பின்பக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக ஒரு தகரம் நிற்கும். அது தோட்டத்துச் சொத்து இல்லை, ஆப்பேக்கின் சொத்து. ஆப்பேக் என்று நாங்கள் கூப்பிட்டது ஒரு சீனக் கிழவரை. ஆற்றோரம் கீரை போட்டுப் பன்றி வளர்த்துக்கொண்டிருந்தார். அரிசி கழுவின தண்ணீர், புளித்துப்போன குழம்பு, காய்த் தோல் எல்லாவற்றையும் அந்தத் தகரத்தில் ஊற்றுவோம். அதுதான் கழனித் தண்ணீர். வெயில் இறங்கின பிறகு அவர் தோளில் காண்டாக் கம்பைப் போட்டு, இரண்டு முனையிலும் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து எடுத்துப் போவார். வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுப் பின்வாசலிலும் ஒரு கட்டு சாவி, அந்தச் சீனக் கீரை, கிடக்கும். பேச்சு ஒன்றும் கிடையாது.

முன்பெல்லாம் தகரத்தை யாரும் பார்த்ததில்லை. ரங்கூன் அரிசிக் கப்பல் குறைந்த பிறகுதான் எல்லாருக்கும் அதில் கண் விழுந்தது. சீமையில் பெரிய சண்டை முடிந்துவிட்டது, ஆனால் அரிசி வரவில்லை. தோட்டத்தில் அளந்து போடுகிற அரிசி பாதியாயிற்று, பிறகு பாதியில் பாதியாயிற்று. மிச்சத்துக்கு மரவள்ளிக் கிழங்கு. பெரட்டுக்கு வராதவனுக்கு, அதாவது காலையில் ஆளெடுக்கிற இடத்தில் நிற்காதவனுக்கு, அதுவும் கிடையாது. என் அப்பா அந்த வருஷம் குளிர்காய்ச்சலில் விழுந்து, கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். கொய்னா மாத்திரை கொடுத்தார்கள், அரிசி கொடுக்கவில்லை. அம்மா பங்குக்கு வந்த ஒரு பிடி அரிசி அப்பாவின் கஞ்சியோடு தீர்ந்தது.

மரவள்ளியைக் கழுவினால் தண்ணீர் மண் நிறத்தில் இருக்கும். துருவிப் பிழிந்தால் வெள்ளையாக வரும், ஆனால் அந்த மாவை எந்தப் பைத்தியக்காரி கொட்டுவாள். ஆகவே தகரத்தில் வெள்ளைத் தண்ணீர் இருந்தால் அந்த வீட்டில் அரிசி இருக்கிறது என்று அர்த்தம். அரிசி கழுவின இரண்டாம் தண்ணீரில் புளி கரைத்துக்கொள்வார்கள், முதல் தண்ணீர்தான் கழனிக்கு வரும். அதைக்கூடக் கொட்ட முடிகிறதென்றால் அந்த வீடு கொழுத்த வீடு. பெண்கள் தங்கள் தண்ணீரைக் கொட்டப் போகிற சாக்கில், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை எல்லாத் தகரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.

அந்தப் பார்வையில் முதல் ஆள் அத்தை. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா, லயத்தின் கடைசி வீட்டுக்காரி. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன், ரப்பர் பாளம் காயவைக்கிற புகைக்கொட்டகையில் வேலை. அவனுக்கும் என் அக்காவுக்கும் முறை. தை மாதம் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் வாய்ப்பேச்சாக முடிந்திருந்தது. அத்தை நகை கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை. "லயத்து சனம் அத்தனைக்கும் ஒரு வேளை நெல்லுச்சோறு போட்டுரு தம்பி, அது போதும்" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அரிசி கிடைத்த காலத்தில் சொன்ன பேச்சு அது. அரிசி போன பிறகும் அவள் அதை மாற்றிச் சொல்லவில்லை. மேட்டு லயத்தில் மளிகைக் கடைக்கு மூட்டை தூக்குகிற ஒருவனுக்கு ஒரு பெண் இருப்பதாகவும், அந்த வீட்டில் இன்னும் இரண்டு வேளை சோறு பொங்குவதாகவும் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா அதைக் கேட்டுக்கொண்டே விளக்கைத் துடைத்தாள். அவளுக்கு அவனைப் பிடிக்கும். புகைக்கொட்டகைப் பக்கம் விறகு பொறுக்கப் போகிற நாளில் அவள் எண்ணெய் தடவிப் பின்னிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். விறகுக்கு எதற்குப் பின்னல்?

அத்தை வீட்டுத் தகரத்தில் மட்டும் தண்ணீர் எப்போதும் வெள்ளையாக இருந்தது. அவளிடம் அரிசி இருந்தது என்று லயமே நம்பியது. ஆப்பேக்குக்கும் அந்தத் தண்ணீர்மேல் தனி மரியாதை போலிருந்தது. மற்ற வீட்டுத் தண்ணீரை எல்லாம் ஒரே வாளியில் கலந்து கொட்டுவார். அத்தை வீட்டுத் தண்ணீரை மட்டும் தனி வாளியில் ஊற்றி எடுத்துப்போய், பன்றிக்கு வைக்காமல் கீரைப் பாத்தியில் ஊற்றினார். நாங்கள் பிள்ளைகள் வேலி இடுக்கில் நின்று பார்த்திருக்கிறோம். அரிசித் தண்ணீர் அல்லவா, கீரைக்குச் சத்து என்று பேசிக்கொண்டோம். எனக்கு அத்தைமேல் அப்போது பிரியம்தான். மலையடிவாரச் சூளைக்கு என்னை அனுப்பி, இலையில் பொதிந்த சுண்ணாம்பு வாங்கிவரச் சொல்வாள். சுவரடியில் கரையான் ஏறுகிறது, பூச வேண்டும் என்பாள். வாங்கிவந்தால் தலையைத் தடவிக் கொடுப்பாள்.

பசி வந்தால் கண் கூர்மையாகும் போலிருக்கிறது. முன்பு நாங்கள் மிதித்துக்கொண்டு நடந்த செடியெல்லாம் அந்த வருஷம் சாப்பாடாயிற்று. பால் மரம் வெட்டி முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் பெண்கள் கூடையோடு காட்டோரத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். ஓடைக் கரையில் நுனி சுருண்டு நிற்கிற பெரணி, மலாய்ப் பேச்சில் பாக்குக் கீரை. அதைக் கிள்ளினால் டப்பென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றல். மூங்கில் குருத்து, காட்டு வாழைப்பூ, சேம்பந்தண்டு, குப்பைமேட்டில் முளைத்த கீரை. மழை பெய்த மறுநாள் விழுந்து மக்கின ரப்பர் மரத்தில் காது காதாகக் காளான் பூத்திருக்கும். அதை உப்பும் மிளகாயும் போட்டு வதக்கினால் வீடே மணக்கும். மணக்கக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு வதக்குவார்கள்.

யார் எங்கே பறித்தார்கள் என்பது அவரவர் ரகசியம். காளான் மரத்தைக் கண்டுபிடித்தவள் நேர்வழியில் வீட்டுக்கு வரமாட்டாள். மடியில் கட்டி, மேலே நாலு சுள்ளியைச் சுமந்துகொண்டு, சுற்றுப் பாதையில் வருவாள். "எங்கக்கா போயிட்டு வாரீங்க?" என்று கேட்டால், "சும்மா, வெறகுக்கு" என்பாள். கேட்டவளும் அதையே சொல்வாள். இரண்டு பேர் மடியிலும் காளான் இருக்கும்.

வீட்டுக்குள்ளே ஒன்றும் வீணாகவில்லை. பூசணித் தோல் துவையலாயிற்று. கருவாட்டுத் தலையை இடித்துப் பொடியாக்கினாள் அம்மா. பானையில் அடிப்பிடித்ததைச் சுரண்டித் தண்ணீர் ஊற்றி மறுநாளைக்கு வைத்தாள். ஆப்பேக் வந்து பார்த்தால் தகரத்தில் அடியில் கொஞ்சம் சகதிதான் இருக்கும். அவர் பன்றிகளும் இளைத்தன. ஒரு நாள் எங்கள் தகரத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து ஏதோ சீனத்தில் சொன்னார். திட்டினாரோ பரிதாபப்பட்டாரோ, தெரியவில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் எங்கள் தகரத்தில் வெள்ளைத் தண்ணீர் வந்தது.

முதலில் பார்த்தது நான்தான். அரிசி கழுவின தண்ணீரேதான், சந்தேகமில்லை, கொஞ்சம் கெட்டியாகக்கூட இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின நாள் நாங்கள் சாப்பிட்டது மரவள்ளியும் பாக்குக் கீரையும். அதற்கு முந்தின நாளும் அதே. அப்படியானால் அரிசி எங்கே? அம்மா எங்களுக்குத் தெரியாமல் பொங்கித் தானே தின்கிறாள் என்று முடிவு கட்டினேன். சிரிக்காதீர்கள். வயிறு காய்ந்த பிள்ளைக்கு அம்மாவும் அடுத்த வீட்டுக்காரிதான்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போனதும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். அரிசிப் பானையில் அடியில் ஒட்டின தூசிதான் இருந்தது. தகரப்பெட்டிக்குள் அம்மாவின் கல்யாணப் புடவை. கூரை இடுக்கில் அப்பாவின் பழைய பால்கத்தி. கடைசியில் அப்பா படுத்திருந்த கட்டிலுக்கு அடியில் சாக்குப் போட்டு மூடின ஒரு தொட்டி அகப்பட்டது. சாக்கை விலக்கினால் தண்ணீருக்குள் மெல்லிசு மெல்லிசாக வெள்ளை வில்லைகள், உப்பு வாசனையோடு ஒரு பச்சை வாசனை. அப்பா காய்ச்சலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒரு வில்லையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன்.

முதுகில் ஓர் அறை விழுந்தது. கால் கடுக்கிறதென்று சீக்கிரம் திரும்பியிருந்த அம்மா என் வாயைப் பிளந்து, விரலை விட்டுத் துழாவி, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

"வெஷம்டி. இது காட்டுக் கெழங்கு. பச்சையா தின்னா தல சுத்தி, வாய் கோணிச் செத்துப் போயிருவ."

ஆற்றுக்கு அக்கரையில் மலாய்க்காரர்களின் கம்பத்துக் கிராமத்தில் ஒரு மாச்சிக்கிடம், வயதான மலாய்க்காரியிடம், அம்மா அதைத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். மலாய்க்காரர்கள் காடோங் என்பார்கள். மூன்று மூன்று இலையாக, முள்ளுக் கொடியாகப் படரும். அடியில் மயிர் முளைத்த கிழங்கு குவிந்து கிடக்கும், தோண்டக்கூட வேண்டாம். கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு தோலைச் சீவி, மெல்லிசாக அரிந்து, உப்பில் பிசறி, கல்லை வைத்து அழுத்த வேண்டும். வெள்ளையாகத் தண்ணீர் விடும். அதில்தான் விஷம். அந்தத் தண்ணீரைக் கோழிகூடக் குடிக்கக் கூடாது, குழி தோண்டி ஊற்ற வேண்டும் என்று அந்த மாச்சிக் சொல்லியிருக்கிறாள். பிறகு கூடையில் போட்டு ஓடுகிற ஆற்றில் நாள்கணக்கில் ஊறவைத்து, கசப்பும் அரிப்பும் போன பிறகு அவித்துத் தின்னலாம். தேங்காய்த் துருவலோடு தின்றால் மாவாகக் கரையும். பிறகு நாங்களும் தின்றோம். அப்பாவுக்கு மரவள்ளியைவிட அதுதான் உடம்புக்கு ஒத்துக்கொண்டது.

அம்மா அந்த வெள்ளைத் தண்ணீரைக் குழியில் ஊற்றவில்லை. பத்திரமாகப் பிடித்துவைத்து, அத்தை பின்பக்கம் வருகிற நேரம் பார்த்து, தகரத்தில் ஊற்றினாள். அவள் பார்க்கும்படி சட்டியை இரண்டு முறை உதறினாள். பன்றிக்கு என்ன விஷம், அது எதையும் தின்னும் என்று நினைத்திருப்பாள். மற்ற வீட்டுத் தண்ணீரோடு கலந்து போனதால் பன்றிகளும் அப்போதைக்குத் தாங்கின.

"யாராச்சும் கேட்டா என்ன தின்னேன்னு சொல்லுவ?" என்று என் கன்னத்தைப் பிடித்துக் கேட்டாள்.

"காட்டுக் கெழங்கு."

"சோறு. சோறுன்னு சொல்லு. காட்டுல தோண்டித் தின்னோம்னா உங்கக்காவ எவன் கட்டுவான்?"

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்கள். என் அம்மா கூழைக் குடித்துவிட்டு மீசையைத் தடவினாள். எனக்கு இப்போதும் அவள்மேல் கோபம் வருவதில்லை. அந்த நாளில் நம் ஆட்கள் எதையும் தின்பார்கள், ஆனால் காட்டில் கிடைத்ததைத் தின்றோம் என்று ஒருவர் வாயிலிருந்தும் வராது. கப்பலேறி வந்தது பட்டினிக்குத் தப்பித்து. இங்கேயும் காட்டைத் தோண்டினால் வந்ததற்கு என்ன அர்த்தம்?

வெள்ளைத் தண்ணீர் வேலை செய்தது. அத்தை மறுபடி எங்கள் வீட்டுப் பக்கம் வர ஆரம்பித்தாள். அக்காவின் முடியைப் பார்த்து, "நல்லா வளந்திருக்கு" என்றாள். ஒரு நாள் நாலு துண்டு கருவாடு கொண்டுவந்து கொடுத்தாள். தை மாதத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அம்மா வாய்கொள்ளாமல் சிரித்ததை அந்த நாட்களில்தான் பார்த்தேன். ராத்திரி கிழங்கை அரியும்போதும் முனகலாக ஒரு தாலாட்டைப் பாடினாள், யாரையும் தூங்கவைக்க இல்லை.

ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? புருஷன் காய்ச்சலில் கிடக்கிறான், பெரட்டுக்குப் போவது ஒருத்தி, வீட்டில் மட்டும் வெள்ளைக் கழனி. எப்படி? குழாயடியில் பேச்சு நின்றது. அம்மா போனால் எல்லாரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்புறம்தான் ஒருத்தி கண்டுபிடித்தாள். அரிசி அளக்கிற கொட்டடியைக் கூட்டுகிறவள் யார்? என் அம்மா. அரிசி போட்டு முடிந்ததும் தரையைக் கூட்டுவது அவள் வேலை. கூட்டினதில் கிடைக்கிற சிந்தின அரிசி, கல்லும் மண்ணுமாக, முன்பு அவளுக்கே. தட்டுப்பாடு வந்ததும் கங்காணி அதை நிறுத்தி, சிந்தினதையும் தன் வீட்டுக்கு அள்ளிப் போகச் சொல்லிவிட்டார். அதனால் கோபித்துக்கொண்டு மூட்டையில் கைவைத்துவிட்டாள் என்று கதை முடிந்தது. சிலர் கங்காணியே கொடுக்கிறார் என்றார்கள். ஏன் கொடுக்கிறார் என்பதையும் சொன்னார்கள். அதை நான் சொல்லப்போவதில்லை.

அந்தப் பேச்சு கங்காணி காதுக்குப் போன மறுநாளே கொட்டடியில் ஒரு மூட்டை குறைவதாக அவர் சொன்னார். எவ்வளவு சரியான நேரத்தில் குறைந்தது பாருங்கள்.

அவர் வந்தது ஒரு பிற்பகல். வேலை முடிந்து எல்லாரும் லயத்தில் இருந்தார்கள். குடையை ஊன்றிக்கொண்டு எங்கள் பின்வாசலில் நின்றார். எங்கள் தகரத்தில் அன்றைய தண்ணீர் வெள்ளையாக இருந்தது. சுற்றிப் பெண்கள் கூடிவிட்டார்கள். அத்தையும் வந்து ஒரு பக்கமாக நின்றாள்.

"ஏம்மா, அரிசி ஏது?" என்றார்.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "எங்க பங்குதான். சேத்து வச்சேன்."

"ஒம் புருசனுக்குத்தான் பங்கே இல்லியே. எங்க, அந்தப் பானைய கொண்டா பாப்போம்."

அம்மா அசையவில்லை. உள்ளே கட்டிலில் அப்பா எழுந்திருக்கப் பார்த்து இருமினார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா திருடி இல்லை என்று ஆகிவிடும். ஆனால் அத்தை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அம்மா கங்காணியைப் பார்க்கவே இல்லை, அத்தையைத்தான் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து ஆப்பேக் வந்தார். காண்டாக் கம்பு இல்லை, வாளி இல்லை. யாரையும் பார்க்காமல் நேராக எங்கள் தகரத்துக்கு வந்து, குனிந்து, விரலை விட்டு முகர்ந்தார். பிறகு கங்காணியிடம் உடைந்த மலாயில் சொன்னார். தன் பெரிய பன்றி காலையிலிருந்து நிற்க முடியாமல் தள்ளாடி விழுகிறது, வாயில் நுரை, இந்தத் தகரத்துத் தண்ணீர்தான். செய்துகாட்டவும் செய்தார், இப்படியும் அப்படியும் கால் பின்னி நடந்து.

கூட்டத்தில் ஓர் இரைச்சல் எழுந்தது. கங்காணிக்கு முகம் தெளிந்துவிட்டது.

"அதான பாத்தேன். அரிசியத் திருடி ஊறல் போட்டுச் சம்சு காச்சுறியா? பன்னிக்கே ஏறிப் போற சரக்கு." குடையால் வாசலைத் தட்டினார். "நாளைக்கு விடியறதுக்குள்ள சட்டி பானையத் தூக்கிட்டுத் தோட்டத்த விட்டுக் கெளம்பிரணும். காய்ச்சக்காரனையும் சேத்துத்தான்."

அப்பா அந்த உடம்போடு எங்கே நடப்பார்? ஈப்போ ரோட்டுக்குப் போவதற்குள் செத்துப்போவார். எல்லாருக்கும் அது தெரியும். அந்த நிலையிலும் அம்மா உண்மையைச் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளேயிருந்து அக்கா வந்தாள். கட்டிலுக்கடியில் இருந்த தொட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, நடுவாசலில் வைத்தாள். சாக்கை எடுத்தாள். ஒரு பிடி வில்லையை அள்ளிக் கங்காணிக்கு நீட்டினாள், பிறகு அப்படியே திரும்பி, அத்தை கையில் ஒரு வில்லையை வைத்தாள்.

"அரிசி இல்ல. இதான். காட்டுல தோண்டுனது. இதோட தண்ணிதான் தகரத்துல இருக்கு. இந்த வீட்ல சோறு பொங்கி ரெண்டு மாசமாச்சு, அத்த."

கங்காணியிடம் சொல்லவில்லை அவள். அத்தையிடம் சொன்னாள்.

ஆப்பேக் ஒரு வில்லையை வாங்கி முகர்ந்து, "காடோங்" என்று தலையாட்டினார். பன்றி பிழைத்துக்கொள்ளும் என்று கையைக் காட்டினார். உள்ளபடியே அது மறுநாள் எழுந்துவிட்டது. போகும்போது எங்கள் தகரத்தைக் காலால் சாய்த்து, தண்ணீர் மண்ணில் இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டு, அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். கங்காணி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஒரு மூட்டை எங்கே போயிற்று என்று பிறகு யாரும் கேட்கவில்லை. லயத்திலும் லயத்தைச் சுற்றியும் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு கழனித் தகரத்துக்குத்தான் மூடி இருந்தது, அது கங்காணி வீட்டுத் தகரம். நான் வேறொன்றும் சொல்லவில்லை.

அத்தை தன் கையில் இருந்த வில்லையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். அம்மா அப்போதுதான் அழுதாள். திருடி என்றபோது அழவில்லை, சம்சு என்றபோது அழவில்லை. அத்தையின் முதுகைப் பார்த்து அழுதாள். "கெடுத்துட்டியேடி" என்று அக்காவின் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். அக்கா வாங்கிக்கொண்டு, தொட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய், அன்றைக்கு ஆற்றில் போட வேண்டிய கூடையை நிரப்ப ஆரம்பித்தாள்.

சில நாள் கழித்து அத்தை வந்தாள். கையில் ஒரு கூடை மரவள்ளி. வாசலில் நின்றபடியே, "தையிலயே வச்சுக்குவோம். நெல்லுச்சோறு வேணாம். ஊரே கெழங்கு திங்குது, நாம மட்டும் என்ன" என்றாள். எங்களுக்கு நம்ப முடியவில்லை. அம்மா ஓடிப்போய் அவள் காலில் விழுந்தாள். அத்தை தடுக்கவில்லை. எனக்கு அப்போதே லேசாக உறுத்தியது. இரண்டு மாதம் தகரம் தகரமாகப் பார்த்தவள், இத்தனை சீக்கிரத்தில் எப்படி மனம் இறங்கினாள்? கேட்டால் அடி விழும், கேட்கவில்லை.

கல்யாணம் நடந்தது. அவித்த மரவள்ளி, காளான் குழம்பு, தேங்காய்த் துருவல் போட்ட காடோங். முதலில் தொடத் தயங்கினார்கள். அம்மா ஒரு வாய் தின்று காட்டின பிறகு தின்றார்கள். அடுத்த வருஷம் அரிசி வந்துவிட்டது. அப்பா எழுந்து நடமாடினார். சாகும்வரை அவ்வப்போது, "அந்தக் கெழங்கு இருந்தா நல்லாருக்கும்" என்பார். அம்மா காதில் விழாததுபோல் இருந்துவிடுவாள்.

அன்றிலிருந்து அம்மா அத்தைக்கு எதிரில் உட்கார்ந்ததில்லை. அத்தை வந்தால் எழுந்து நிற்பாள். தீபாவளிக்கு முதல் சீலை அத்தைக்கு. அத்தை எது சொன்னாலும் அதற்கு மறுபேச்சு கிடையாது. அக்காவை அத்தை திட்டினாலும், "பெரிய மனசுக்காரி, நம்மள ஏத்துக்கிட்டவ, பொறுத்துப் போ" என்றுதான் சொல்வாள். விஷக் கிழங்கு தின்ற வீட்டிலிருந்து பெண் எடுத்தவள் அல்லவா. அந்த நன்றியைச் சுமந்துகொண்டே முதுகு வளைந்து, அம்மா ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள்.

அதற்கு அடுத்த வருஷம் அத்தையும் போனாள். அவள் வீட்டை ஒழிக்க அக்காவுக்குத் துணையாகப் போயிருந்தேன். அக்காவுக்கும் தலை நரைத்துவிட்டது. அடுப்படியில், விறகுக்குப் பின்னால், கையை விட்டு அக்கா ஒரு மண்கலயத்தை எடுத்தாள். தேடவேயில்லை, நேராகக் கையை விட்டாள். உள்ளே சுண்ணாம்பு, கல்லாக இறுகிப்போய், நடுவில் ஒரு தேங்காய்ச் சிரட்டைக் கரண்டி செருகினபடி.

"கரையானுக்கா?" என்றேன்.

"இந்த வீட்டுச் சுவத்துல என்னைக்கு சுண்ணாம்பு பாத்த?" என்றாள் அக்கா. "ஒரு கரண்டி போட்டுக் கலக்குனா அரிசி கழுவுன தண்ணி மாதிரியே இருக்கும். கொஞ்ச நேரம்தான். அதுக்குள்ள எல்லாரும் பாத்துட்டுப் போயிருவாங்க."

அதை வாங்கிவந்து கொடுத்த கை என்னுடையது. ஆப்பேக் அந்தத் தண்ணீரைப் பன்றிக்கு வைக்காமல் கீரைக்கு ஊற்றினது ஞாபகம் வந்தது. அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் சோறு இருக்கும், கல்யாணத்தோடு தன் வீட்டுப் பஞ்சமும் தீரும் என்று அத்தை எங்கள் தகரத்தைப் பார்த்துக் காத்திருக்கிறாள். அவள் தகரத்தைப் பார்த்து நாங்கள் காத்திருந்தோம்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணமான மொத வாரமே."

"அம்மாட்ட ஏன்க்கா சொல்லல? கடைசிவர இவ முன்னால நின்னுக்கிட்டே இருந்தாங்களே."

அக்கா கலயத்தைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. அதை என்னிடம் கொடுத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அத்தைக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு. ஒரு நாளும் வாயத் தொறந்ததில்ல, நானும் தொறக்கல. அம்மாட்ட சொல்லியிருந்தா அவங்க நாலு பேர் முன்னால கேட்டிருப்பாங்க. அப்புறம் நான் எங்க இருந்து வாழறது?"

கலயத்தை நான்தான் எடுத்துப் போனேன். ஆற்றில் போடலாம் என்று பாலம்வரை கொண்டுபோய், அக்கரையிலிருந்து யாரோ பார்ப்பதுபோல் தோன்றவே, திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அந்தக் கலயம் உடைந்து வெகுகாலமாயிற்று. உள்ளே இறுகிக் கிடந்த சுண்ணாம்பு மட்டும் கல்லாகவே மிச்சம் இருந்தது. அதைத்தான் குப்பைத் தொட்டி மூடியின்மேல் வைக்கிறேன்.